சிவப்பு மையில் அடித்த வரி

“பீடி வீடா?” என்று கேட்டார் துறைத்தலைவர். என் சான்றிதழ்கள் இருந்த கோப்பை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்று ஒன்றுதான் உண்டு. அது அம்மா பீடி இலை போட்டு வைக்கும் தகரப்பெட்டி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து இளங்கலைப் பட்டம் வரை எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. ஆமாம் சார் என்றேன்.

“நல்லாத்தான் படிச்சிருக்க. ஆனா இது கஷ்டம் கேக்குத வேலைம்மா. கஷ்டத்துல இருந்து வாரவங்க, அடுத்தவங்க கஷ்டத்தைக் கேட்டா கூடச் சேந்து அழுதிருவாங்க. நீ தாங்குவியா?”

தாங்குவேன் என்றேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையில் முதுகலைக்கு இடம் கேட்டுப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, படித்து முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அம்மா கைநாட்டு. இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் முகத்தில் ஒரு இளக்கம் வரும். எனக்கு அது பிடிக்காது. அவர்கள் இரக்கப்பட்டு எனக்கு ஒரு மதிப்பெண்ணும் வரவில்லை.

தாங்குவேன் என்ற அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக ஏழு வருடம் செலவழித்தேன். அதற்கு அவரைக் குற்றம் சொல்லப் போகிறேன். என் பங்கையும் ஒளிக்கமாட்டேன்.

முதுகலையில் முதலாவதாக வந்தேன். அதே துறையில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அவரையே நெறியாளராகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கும் பதிவு செய்தேன். வகுப்பில் நான் எடுத்த பாடம் மனக்காயமும் ஆற்றுப்படுத்தலும். ஆய்வில் நான் எடுத்துக்கொண்டது, தீக்காயத்திலிருந்து பிழைத்த பெண்கள். அவர்கள் பேச ஒப்புக்கொண்டால் பதிவு செய்வேன். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்குவேன். ஒரு வாக்கியத்தை எழுத நாலைந்து தடவை கேட்க வேண்டியிருக்கும். வார்த்தை மட்டும் போதாது, இருமினால் இருமினார் என்று எழுத வேண்டும், பேச்சு நின்றால் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுத வேண்டும் என்பது நெறியாளரின் கட்டளை. ஒரு பெண் சொல்ல முடியாமல் நிறுத்திய இடத்தை நான் கடிகாரம் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. ஒரு தடவைகூட அழவில்லை. புதிதாகச் சேரும் மாணவிகளிடம் அவர் என்னைக் காட்டிச் சொல்வார். “மேடத்தைப் பாருங்க. கல்லு மாதிரி உக்காந்து கேப்பாங்க. அப்படி இருக்கணும்.” பல்கலைக்கழகம் கொடுத்த பதக்கம் தகரப்பெட்டியில் கிடந்தது. இந்தப் பேச்சை நான் தினமும் எடுத்து மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

சமூகப்பணி படிப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. ஆஸ்பத்திரி, காப்பகம், நீதிமன்றம் என்று எங்காவது அனுப்புவோம். போய்வந்து அறிக்கை எழுதி, திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளரின் மேசையில் வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் சிவப்பு மையில் திருத்துவார். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று தன் அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாசிப்பாள். களப்பணி நாட்கள் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. இது எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய உள்ளதுதான். எங்கள் துறையில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. கிளையண்ட், அதாவது உதவி தேவைப்படுகிறவர், என்ன சொன்னார், நீ என்ன செய்தாய், இவ்வளவுதான் அறிக்கையில் இருக்க வேண்டும். உனக்கு என்ன ஆனது என்று ஒரு வரி எழுதினாலும் அடிக்கப்படும். “நீயா கிளையண்ட்?” என்று கேட்பார் துறைத்தலைவர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நான் எடுத்த பாடத்திலேயே அதற்கு ஓர் அலகு இருந்தது. இரண்டாம்நிலை மனக்காய அழுத்தம். அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கேட்பவருக்கும் அடிபடுவது. தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, கேட்ட காட்சி கேட்காமலே கண்முன் வரும், சம்பந்தமில்லாத இடத்தில் பயம் வரும், வீட்டில் உள்ளவர்கள் மேல் எரிச்சல் வரும். கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போடுவேன். ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் என்பேன். ஏதோ கடல் கடந்த நாட்டில் யாருக்கோ வருகிற நோய் மாதிரி அதை நடத்திவிட்டு, மணி அடித்ததும் கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டு போய்விடுவேன்.

தங்கைக்கு நிச்சயம் ஆகி, புடவை எடுக்க டவுணுக்குப் போனோம். ரத வீதியில் ஒரு கடை. நானும் அவளும் அம்மாவும். தங்கைக்கு ஒரு மயில்கழுத்து நிறப் புடவை பிடித்துவிட்டது. பளபளப்பான, வழுக்கிக்கொண்டு ஓடுகிற துணி. நான் அதன் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தேன். இது உருகும் என்று எனக்குத் தெரியும். பருத்தி எரிந்து உதிரும். இது உருகி ஒட்டிக்கொள்ளும். அதை எனக்கு ஒரு பெண் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை நான் நாலைந்து தடவை கேட்டிருந்தேன். வேண்டாம், வேறு எடு என்றேன். தங்கை விடவில்லை. ஏன் என்று கேட்டாள். இந்தத் துணியோடு அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்றேன்.

“யக்கா, நான் என்ன அடுப்புக்குள்ளயா குடித்தனம் பண்ணப் போறேன்?”

கடைக்காரர் நல்ல மனிதர். பேச்சை மாற்றப் பார்த்தார். “தங்கச்சி, இது மெசின்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது. சாயம் ஒரு பொட்டுப் போகாது.”

“தீயில போட்டா?” என்று கேட்டேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கல்யாணத்துக்குத்தான எடுக்கிய?” என்றார்.

பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தங்கை அழுதுகொண்டே இறங்கிப் போனாள். அம்மா என் கையிலிருந்து புடவையை வாங்கி மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தாள். “ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?” என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படித்தவள் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று அவர்கள் மேல்தான் கோபம். வீட்டில் கேஸ் அடுப்பின் குமிழை மூடியிருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதை அம்மா பல மாதங்களாகக் கவனித்திருக்கிறாள். அதைக்கூட நான் ஒழுங்கு என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் முதலாண்டில் ஒரு மாணவி சேர்ந்தாள். கடற்கரை ஊர்க்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். விரலில் செபமாலை மோதிரம் போட்டிருப்பாள், பாடம் எழுதும்போது அதைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். சத்தமாகப் பேசுவாள். யாருக்கும் பயப்படமாட்டாள். எனக்கு அவளைப் பிடித்தது. பிடித்தவர்களிடம் நான் கூடுதல் கடுமையாக இருப்பேன். அவளுடைய மேற்பார்வையாளர் நான். அவளை ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்குக் களப்பணிக்கு அனுப்பியதும் நான்தான். என் ஆய்வுக்கு ஒரு நல்ல வாரிசு என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அங்கே அனுப்பினேன் என்பதை இப்படி நேராக எழுதுவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மூன்றாவது வாரம் அவள் கொடுத்த அறிக்கையின் கடைசியில் இப்படி இருந்தது: “வார்டிலிருந்து வந்து விடுதியில் மூன்று முறை குளித்தேன். கையில் அந்த வாடை போகவில்லை. சாப்பிட முடியவில்லை.”

மூன்று வாக்கியங்களையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: “தேவையற்றது. கிளையண்டைப் பற்றி மட்டும் எழுதவும்.” கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது எழுந்து வாசித்தாள். அடித்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள்கள் குலுங்கின. மற்ற மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். துறைத்தலைவரும் அன்று கூட்டத்தில் இருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். கல் என்ன செய்யப் போகிறது என்று பார்த்தார்.

“அழுது முடிச்சிட்டுத் தொடரலாம். நேரம் இருக்கு” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். “அடுத்து” என்றார் துறைத்தலைவர். அடுத்தவள் எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வகுப்புக்குக் கொஞ்ச நாள் வந்தாள், பிறகு அதுவும் இல்லை. விடுதியில்தான் இருக்கிறாள் என்று தோழிகள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. இதற்கிடையில் கல்லூரியில் மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு ஒன்று நடத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் எங்கள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். தெளிந்த நீர் ஓடுகிற ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தினமும் கொக்கிரகுளம் பாலத்தில் நெரிசலில் பஸ் நிற்கும்போது ஓர் ஆற்றைப் பார்க்கிறேன். அதில் சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் ஆறு வரவில்லை. வேறொன்று வந்தது. திறந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, இமைகளைத் தளர்த்துங்கள் என்றார். அந்த மனிதரை எழுந்து போய் அறையலாம் போல இருந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். அதையும் தகரப்பெட்டியில் போட்டேன்.

பருவத்தின் கடைசியில் துறைத்தலைவர் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணுக்குக் களப்பணி நாட்கள் போதவில்லை, நிறைவு செய்யவில்லை என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் அவள் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். அவளுக்கு ஒரு வருடம் போவது என்றால் படிப்பே போவது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா விடுதிக்குப் போன் செய்து, படித்தது போதும், வந்துவிடு என்று சொல்லிவிட்டார் என்றும், அடுத்த வாரம் அழைத்துப்போக வருகிறார் என்றும் தோழிகள் சொல்லியிருந்தார்கள். “வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்திரும்மா” என்றார் துறைத்தலைவர். “நான் சொல்லுவேன்லா. சில பேருக்கு இது ஆகாது.”

என்னிடம் சொல்லியிருந்ததை இப்போது அவளைப் பற்றிச் சொன்னார். என்னை வைத்துக்கொண்டு, தாங்கியவள் என்று என்னைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு சொன்னார். நான் தலையாட்டினேன்.

படிவத்தில் காரணம் எழுத வேண்டும் என்பதால் அவள் அறிக்கை நோட்டை எடுத்தேன். அடித்த வரி முன்னால் வந்தது. கையில் அந்த வாடை போகவில்லை.

எங்கள் அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறாள். புகையிலைத் தூள் கையில் ஏறிவிடும். சோப்புப் போட்டால் போகாது. புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவி, சேலையையும் மாற்றிக்கொண்டுதான் அவள் எங்களைத் தூக்குவாள். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது பாலுக்கு எவ்வளவு அழுதாலும் சரி, இந்த வேலை முடியாமல் தொடமாட்டாள். தூள் வைத்த சுளகு அடுப்பங்கரைக்குள் வராது. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அத்தனை வீட்டிலும் இதே பழக்கம்தான். தூள் கையோடு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை வாந்தியெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் பலவீனம் என்று சொன்னதில்லை. கை கழுவுகிறவளைப் பார்த்து நீ லாயக்கில்லை என்று யாரும் சொன்னதில்லை. அது வேலையில் ஒரு பாதி. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான்தான், ஒரு பெண் கை கழுவினேன் என்று எழுதிய வரியைத் தேவையற்றது என்று அடித்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் தகரப்பெட்டியைத் திறந்து, முதுகலையில் நான் எழுதிய களப்பணி நோட்டுகளை எடுத்தேன். அதில் துறைத்தலைவரின் சிவப்பு மை எங்கெங்கே என்னை அடித்திருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். அந்தக் கோபத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். இரண்டு வருட நோட்டுகளையும் புரட்டினேன். அடித்த வரி ஒன்றுகூட இல்லை. எல்லாப் பக்கத்திலும் நன்று, மிக நன்று என்றே இருந்தது. அடிப்பதற்கு நான் எதையும் எழுதியிருக்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே நான் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணாவது எழுதினாள்.

மறுநாள் விடுதிக்குப் போனேன். அவள் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நூலகப் புத்தகங்களைத் தனியாக அடுக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். உட்கார் என்று நான் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வகுப்பில் நான் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்றும் உதவவில்லை. புடவைக் கடையில் நடந்ததைச் சொன்னேன். கேஸ் குமிழைப் பற்றிச் சொன்னேன். கறி சாப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, விரதம் என்று வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இவ்வளவையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அவள் இளகுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

“அப்ப ஏன் மிஸ் என் நோட்டுல அடிச்சிய?” என்று கேட்டாள்.

கையில் கொண்டுபோயிருந்த அவள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

“வாடை எனக்கு மட்டும்தான் வருதுன்னு நெனச்சேன். நீங்க அங்க அத்தன வருசமா போறிய, ஒண்ணும் ஆவல. அப்ப எங்கிட்டதான் கோளாறுன்னு நெனச்சேன். எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனா போதும்னு ஆயிட்டு.” மோதிரத்தைச் சுற்றினாள். “நீங்க அழலைன்னு பெருமைப்பட்டுக்கிட்டிய. அதுக்கு நான் என்ன செய்யணும்?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் மிஸ்ஸாக மாறிச் சமாளித்திருப்பேன். தேர்வு எழுத ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். ஆசை இருந்து என்ன செய்ய, நாள்தான் இல்லையே என்றாள். அப்பாவை ஒரு வாரம் கழித்து வரச்சொல்ல முடியுமா என்றேன். எதுக்கு என்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன்.

அரசாங்கத் தாளாக இருந்தாலும் கல்லூரித் தாளாக இருந்தாலும் அடித்தல் திருத்தலுக்கு ஒரு முறை உண்டு. அடித்தவரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டால்தான் அது செல்லும். என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதினேன்: “இந்த வரி தவறாக அடிக்கப்பட்டது. மாணவி தன் பாதிப்பை மூன்றாவது வாரத்திலேயே எழுத்தில் தெரிவித்திருக்கிறார். மேற்பார்வையாளர் நடவடிக்கை எடுக்கவில்லை.” கையெழுத்து. தேதி. அவள் வாசித்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

நோட்டை எடுத்துக்கொண்டு நேரே முதல்வரிடம் போனேன். துறைத்தலைவரைத் தாண்டிப் போவது எங்கள் கல்லூரியில் யாரும் செய்யாத காரியம். முதல்வர் அம்மா பொறுமையாக வாசித்தார். களப்பணி தவறியது மாணவியால் அல்ல, மேற்பார்வையால் என்று மேற்பார்வையாளரே எழுதிக்கொடுத்தால், குறைந்த நாட்களை விடுமுறையில் வேறிடத்தில் நிறைவு செய்ய அனுமதிக்கலாம், அதுவரை தேர்வு எழுதத் தடை இல்லை என்றார். இது என் பணிப்பதிவில் ஏறும், அடுத்த வருடம் நியமனம் புதுப்பிக்கும்போது கேள்வி வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். அது பொய். யோசித்திருந்தால் வந்திருக்கமாட்டேன்.

அன்று மத்தியானமே துறைத்தலைவர் கூப்பிட்டார். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை.

“அப்ப நீயும் தாங்கல” என்றார். “நான் அன்னைக்கே கேட்டேன்.”

“ஆமா சார். தாங்கல.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நான் மறுப்பேன், அவர் அடுத்ததைச் சொல்லலாம் என்று இருந்திருப்பார். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த காகிதங்களை நேராக்கினார். துறையின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். இனிமேல் எல்லா மாணவிகளும் அழுதுகொண்டு வந்து நிற்பார்கள் என்றார். இதற்குத்தான் இந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறவர்களை யோசித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றார். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் பேசாமல் வந்திருப்பேன்.

“எந்த இடம் சார்? எங்கம்மா தூள் கையோட எங்களத் தூக்குனதே கெடையாது. கழுவிட்டுத்தான் தூக்குவா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க ஏழு வருசத்துல ஒரு நாளாச்சும் எங்களக் கை கழுவச் சொல்லியிருக்கியளா?”

வாசலில் இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். அவருக்கு அவர்கள் தெரிந்தார்கள். எனக்கும் தெரிந்தார்கள். “அடுத்த வருசம் ஒனக்கு இங்க வகுப்பு இருக்கான்னு பாப்போம்” என்றார். பாருங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் தேர்வு எழுதினாள். விடுமுறையில் மேலப்பாளையத்தில் ஒரு பால்வாடியில் மீதி நாட்களை முடித்தாள். குழந்தைகள் பற்றி அவள் எழுதிய அறிக்கைகளில், பிள்ளைகள் கடித்துவிட்டன, எரிச்சலாக இருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் தன்னைப் பற்றியே எழுதியிருந்தாள். நான் ஒன்றையும் அடிக்கவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் “மிஸ்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் சிநேகிதமாகிவிடவில்லை. அவள் எனக்குக் கடன்பட்டவள் அல்ல.

நான் இப்போது வாரம் ஒருமுறை ஊசிக்கோபுர தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே வாக்கியங்களை என்னிடமே சொல்கிறார். மேசையில் கண்ணீர் துடைக்கிற காகிதப் பெட்டியை என் பக்கமாகத் தள்ளி வைக்கிறார். நான் அதை அவர் பக்கம் தள்ளி வைக்கிறேன். ஆனால் போகிறேன். பதிவுகளை வீட்டில் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு முன்னாலும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கேட்பதில்லை. கேட்டதும் எழுந்து வெளியே போய்ப் பத்து நிமிடம் யாரிடமாவது சண்டைக்காவது பேசிவிட்டு வருகிறேன். கேட்டதைப் பற்றிப் பேச, வேறொரு கல்லூரியில் இதே வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் சொல்வதை நானும் கேட்கிறேன். கேஸ் குமிழை ஒருதடவைதான் பார்க்கிறேன், சில நாள் இரண்டு. தங்கை அந்த மயில்கழுத்துப் புடவையைப் பிறகு தானே போய் எடுத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று அதைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, தொட்டுப் பார்க்கிறியா என்று கேட்டாள். நான் தொடவில்லை. இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

சென்ற திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் நெறியாளர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தைக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் எழுதியது இரண்டு வரி. கேட்டவற்றைத் தாங்க முடியவில்லை, தாங்குவதற்கு இப்போதைய நெறியாளரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை, ஆய்வைத் தொடர விரும்புகிறேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி இரண்டு தடவை வாசித்தார்.

“ஏம்மா, இத இப்படியா எழுதுவாங்க? உடம்பு சரியில்லன்னு மாத்திக் குடுத்திருங்களேன். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

“அடிக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி” என்றேன். “முத்திரை வைங்க.”

வைத்தார்.